பதினாறு அங்குலச் சக்கரமும் என் இருமலும்

மருமகளே,

நூலகத்துக்குப் போகிறேன். சாப்பாடு மேசையில் மூடியிருக்கிறது. நாளை நீ ஆபீஸ் போகக் காரைத் துடைத்து வைத்திருக்கிறேன். புதுச் சக்கரத்தில் முகம் பார்த்துத் தலையே வாரலாம்.

பதினெட்டு அங்குல அலாய் சக்கரம்தான் வேண்டும் என்று இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேனே, அதை மறந்துவிடு. என்னையும் நான்கு தண்ணீர் கேனையும் பின்சீட்டில் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் விட்டுப் பார்த்தாய். "பதினாறே போதும் மாமா. பெருசு போட்டா உரசும், டயர் மெலிசாகிக் குலுங்கும், அத்தை முதுகும் தாங்காது" என்றாய். நேற்று அந்தக் குண்டும் குழியுமான சாலையில் உன் அத்தை குறட்டை விட்டுத் தூங்கினாள். நான் ஓட்டி அவள் தூங்கியது நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை. உன் விரலுக்கு வைர மோதிரமே போடலாம்.

பி.கு.: ஐந்து மணிக்கு என் நடைப்பயிற்சிக் கூட்டாளிகள் சக்கரம் பார்க்க வருகிறார்கள். தேர்ந்தெடுத்தது நான்தான் என்று அடித்துவிட்டிருக்கிறேன். அகலம், ஆஃப்செட் என்று எவனாவது கேட்டால் இருமுவேன். நீ பதில் சொல்லிவிடு.

இன்னொன்று: யோசித்துப் பார்த்தேன். "என் மருமகள் பார்த்துப் போட்ட சக்கரம்" என்று சொல்வதுதான் அவர்களுக்கு இன்னும் வயிற்றெரிச்சல். இருமல் வேண்டாம்.

மாமா