இரண்டாவது உறை

12 மார்ச் 2022, சனி

அண்ணையின் முழங்கால் ஒப்பரேசனுக்குத் திகதி வந்துவிட்டது. ஏப்ரல் 21. பிரெஞ்சு ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று 24. காலைவிட வாக்குத்தான் அவருக்குக் கவலை. லண்டனில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போய், தன் வாக்கைத் தங்கை யசோதினி, அதாவது நான், போடலாம் என்று மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பாரிஸ் தமிழில் இதற்குப் பெயர் ‘புறொக்குறாசியோன்’. லண்டனுக்கு வந்து பதினாறு வருடமாகியும் இப்படிச் சில சொற்கள் நாக்கை விட்டுப் போகவில்லை.

அண்ணிக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை. அவர்களுடைய மகள் அஜந்தா மான்செஸ்டரில் படிக்கிறாள். மிச்சம் நான்தான். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் பட்டேன்.

10 ஏப்ரல், ஞாயிறு

முதற்சுற்று. அண்ணை தடியை ஊன்றிக்கொண்டு தானே வந்து போட்டார். பிறகு வட லண்டன் எட்மண்டனில் அவர்கள் வீட்டில் சாப்பாடு. லீவில் வந்திருந்த அஜந்தாவும் இருந்தாள். குடியேறிகளை எதிர்க்கிற லு பென்னின் மகள் மறுபடி இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் அண்ணை டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சிராக் கதை வரப்போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. எந்தத் தேர்தலைத் தொட்டாலும் அவருக்கு அது ஜாக் சிராக்கில்தான் போய் நிற்கும்.

“தொண்ணூற்றொண்டிலை அந்தாள் பாரிஸுக்கு மேயர். வெளிநாட்டுக்காரரின்ரை சத்தமும் மணமும் தாங்கேலாமல் கிடக்கெண்டு மேடையிலை பேசினவர்.”

அது எனக்கும் நினைவிருக்கிறது. அப்போது பாரிஸில் லா சப்பல் பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். எனக்குப் பதினெட்டு வயது. அந்தப் பேச்சுக்குப் பிறகு அண்ணை வீட்டில் கருவாடு பொரிக்க விடவில்லை. கதவின் கீழ் ஈரத்துவாய் வைக்கச் சொன்னார். சொன்னால் சொன்னதுதான்.

“பிறகு ஏன் அப்பா அவரைப் பிடிச்சது?” என்று அஜந்தா கேட்டாள்.

“தொண்ணூற்றைஞ்சிலை ஜனாதிபதியா வந்து ரெண்டு மாசத்திலை சொன்னவர். நாற்பத்திரண்டிலை யூதரைப் பிடிச்சு நாசிகளிட்டைக் குடுத்ததிலை பிரெஞ்சு அரசுக்கும் பங்கிருக்கு எண்டு. அவருக்கு முதல் இருந்த ஜனாதிபதி ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை. எங்கடை நாட்டிலை ஆரும் சொல்லுவினமோ?”

“அவர் கள்ளன் எல்லோ? கூகிளிலை கிடக்கு.”

“ஓம், கோட்டிலை வழக்கு நடந்து தண்டனையும் குடுத்தவை. கள்ளன் பிழையை ஒத்துக்கொள்ளக் கூடாதெண்டு சட்டம் இருக்கோ?”

பிறகு 2002. தகப்பன் லு பென் இரண்டாம் சுற்றுக்கு வந்த வருடம். சிராக்கைப் பிடிக்காத சனமெல்லாம் லு பென்னை மறிப்பதற்காக அவருக்கே போட்டது. சிலர் மூக்கில் உடுப்புக் கவ்வியை மாட்டிக்கொண்டு வந்தார்கள். “நாறுது எண்டவருக்கு நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டம்” என்று அண்ணை சொல்ல, அஜந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். என் முதல் வாக்கும் அதுதான். வேண்டாம் என்றேன். அண்ணை கையைப் பிடித்து வரிசையில் விட்டார்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: “இந்த முறையும் அதுதான். இப்ப ஜனாதிபதியா இருக்கிறவருக்கே போடோணும். என்ரையை யசோ போடுவாள். அவளுக்கு யோசிக்க என்ன கிடக்கு, நான் சொல்லுறதுதானே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு நாற்பத்தொன்பது வயது.

24 ஏப்ரல், ஞாயிறு

போட்டேன்.

என்னுடையது வெற்று உறை, பெயர்ச் சீட்டு எதுவும் வைக்கவில்லை. இனி யாருக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டு போடுவதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

அண்ணையுடையதும் வெற்று உறை.

திரைக்குப் பின்னால் அவர் சொன்ன பெயர்ச் சீட்டைக் கையில் எடுத்தேன். உறைக்குள் பாதி வைத்தும் விட்டேன். ‘அவளுக்கு யோசிக்க என்ன கிடக்கு’ — அது காதில் கேட்டது. சீட்டை வெளியே எடுத்துக் கசக்கிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். உறையைப் பெட்டிக்குள் போடும்போது அதிகாரி அண்ணையின் பெயரைத்தான் சத்தமாக வாசித்தார். தேவராசா வாக்களித்துவிட்டார்.

ஸ்ட்ரெதத்தில் என் வீட்டுக்கு வந்து சேரும்வரை எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கொப்பிக்கும் பொய் சொன்னதாகிவிடும்.

25 ஏப்ரல், திங்கள்

ஆஸ்பத்திரியில் அண்ணை காலை உயர்த்தி வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். முகம் வெளிறியிருந்தது. என்னைக் கண்டதும், “ஐம்பத்தெட்டரை வீதம். அதுக்குள்ளை என்ரையும் ஒண்டு” என்றார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஆங்கிலத்தில் சொன்னார், மை சிஸ்டர் என்று என்னைக் காட்டி.

நான் ஓம் என்றேன்.

3 மே

கோடிக்கணக்கான வாக்கில் ஒன்று. ஆகாயம் இடிந்து விழவில்லை. அண்ணை விரும்பியவர்தான் வென்றார். அப்ப ஏன் எனக்குச் சோறு இறங்குதில்லை? பேச்சுக்கு ஒரு பேச்சு திருப்பிக் குடுத்திருக்கலாம். அந்த மேசையிலேயே குடுத்திருக்கலாம். வாயில்லாதவள் மாதிரி இருந்துபோட்டு, எழும்ப ஏலாமல் கிடந்த மனுசனிலை போய்க் காட்டினனே.

15 மே

அண்ணி மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருக்கிறா. “அண்ணையின்ரை அலுவல் பாத்தனி எல்லே” என்று போனில் சொன்னா.

1 ஜூன், புதன்

இனி நாடாளுமன்றத் தேர்தல். இதற்குக் கணினியிலும் போடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு முதியோர் இல்லத்தில் ஷிப்ட். முதற்சுற்றுக்குக் கணினி நாள் முடிந்துவிட்டது, அதை விடுகிறேன், இரண்டாவதற்குக் கணினியில் போடுகிறேன் என்றேன். அண்ணை கேட்கவில்லை. “கொம்பியூட்டரை நம்பாதை. உன்ரையை என்னட்டைத் தா. நான் இப்ப நடக்கிறன்தானே.” மறுக்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? இன்று போய் நானும் மூன்று வருடத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

பின்னேரம் போன் எடுத்தார். “உனக்கு ஆருக்குப் போடோணும்?”

இப்படி ஒரு கேள்வியை அவர் என்னிடம் கேட்டு நான் அறியேன். கலியாணத்துக்கும் கேட்கவில்லை. லண்டனுக்கு வரும்போதும் கேட்கவில்லை.

“ஒருத்தருக்கும் இல்லை அண்ணை. வெறும் உறை.”

“அதென்ன வாக்கு?”

“எனக்கு அது வாக்குத்தான்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

19 ஜூன், ஞாயிறு

இடைவேளையில் போன்.

“போட்டன். வெறும் உறைதான். கை கூசினது, உண்மையைச் சொல்லுறன். ஆனால் அது உன்ரை. என்ரை இல்லை.”

சரி அண்ணை என்றேன். பிறகு துணிகள் வைக்கிற அறைக்குள் போய் இருந்து அழுதேன். கூட வேலை செய்கிற மாலினி வந்து, வீட்டில் யாருக்கும் ஏதாவதோ என்று பயந்துபோய்க் கேட்டாள். இல்லை, எல்லாரும் நல்லாக இருக்கினம் என்றேன்.

20 ஜூன், திங்கள்

சொல்லிவிட்டேன்.

ரயிலில் போகும்போது, யூதர் விசயத்தை ஒத்துக்கொள்ளச் சிராக்குக்கே ஐம்பத்துமூன்று வருடம் எடுத்தது, நான் எட்டுக் கிழமையில் வந்துவிட்டேன் என்று பகிடியாகத் தொடங்கலாம் என யோசித்து வைத்திருந்தேன். நல்லகாலம், வாய் வரவில்லை. அந்தாள் ஒத்துக்கொண்டது தன் கையால் செய்யாத பிழையை. சத்தமும் மணமும் என்று தான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாரோ, நான் அறியேன். மற்றவன் செய்ததைச் சொல்வது எவ்வளவு சுகம்.

அண்ணை கதிரையில் இருந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

“சீட்டை மாறி எடுத்துப்போட்டியோ?”

“இல்லை அண்ணை. தெரிஞ்சுதான்.”

“ஏன்?”

அன்று மேசையில் அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை.

“கோபமெண்டால் என்னோடை சண்டை பிடிச்சிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்தா. நான் குடித்தேன். அவருடையது ஆறிப்போய் அப்படியே இருந்தது.

8 ஜூலை

அண்ணை போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

9 ஜூன் 2024, ஞாயிறு

ஐரோப்பியத் தேர்தல். எனக்கு ஷிப்ட். அண்ணை காலையிலேயே போன் எடுத்து, “உன்ரை எப்பிடி?” என்று கேட்டார். இந்த முறை ஒரு பெயர் சொன்னேன். மத்தியானம் ‘போட்டாச்சு’ என்று ஒரு மெசேஜ். தன்னுடையதையும் தானே போட்டிருப்பார். தீபாவளிக்குப் போனால் பழையபடி எல்லாம் கதைக்கிறார். இதை மட்டும் கதைப்பதில்லை.

3 ஜூன் 2025, செவ்வாய்

அண்ணைக்கு மற்றக் காலிலும் ஒப்பரேசன் வரப்போகிறது. என் பெயரில் அவர் எழுதித் தந்தது மார்ச்சோடு முடிந்துவிட்டது. இடையில் ரத்துச் செய்யவில்லை. முடியும்வரை விட்டிருக்கிறார். புதிதாக அஜந்தாவின் பெயரில் எழுதியிருக்கிறார் என்று அண்ணி சொன்னா. படிப்பு முடிந்து அவள் இங்கேதானே இருக்கிறாள் என்றும் சேர்த்துச் சொன்னா, நான் ஒன்றும் கேட்காமலே.

அவர் செய்தது சரி. எனக்கு வலித்தது, அதுவும் சரி.

நான் எழுதிக் கொடுத்ததும் முந்தநாளோடு முடிந்தது. இன்று தூதரகத்துக்குப் போனேன். உங்கள் வாக்கை யார் போடுவார் என்று கேட்டார்கள். தேவராசா என்றேன்.