கம்பளத்துக்கு முன் காகிதம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அப்பா விஷயத்தில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு, அதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன், அதற்குள் பயந்துபோய் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். போன் அடித்தால் ஓடிப்போய் எடுப்பது அப்பாதான், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், அவரைப் பற்றி அவர் காதுபட நான் என்னத்தைப் பேசுவது.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். புது வீட்டு ஹாலுக்குக் கம்பளம் வாங்கப் போவதாகவும், மூன்று படம் அனுப்பி எது நல்லது என்றும், எது நல்லதென்று சொல்கிறேனோ அதிலேயே எங்களுக்கும் ஒன்று அனுப்பப் போவதாகவும் சொல்லியிருந்தாய். எங்களுக்கு அனுப்பாதே. உனக்கு வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள். படத்தில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கின்றன, படத்தில் எதுதான் நன்றாக இல்லை. நேரில் போ. போனதும் முகத்தைப் பார்க்காதே, புரட்டிப் போட்டு முதுகைப் பார். நல்ல நெசவென்றால் மேலே இருக்கும் பூ பின்னாலும் தெளிவாகத் தெரியும். பின்பக்கம் முழுக்கப் பசை தடவித் துணி ஒட்டியிருந்தால் கொஞ்ச வருஷத்தில் அந்தப் பசை மாவாகக் கொட்டும், நீ பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். விரலால் மேலே நிற்கும் நூல்மயிரை விலக்கிப் பார், உடனே அடித்துணி தெரிந்தால் நூல் போதாது. ஈரக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தில் அழுத்தித் தேய், சாயம் ஒட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வா. கம்பளி என்று சொன்னால் ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார், தலைமுடி கருகுகிற நாற்றம் வந்து சாம்பலாக உதிர்ந்தால் கம்பளி, உருகி மணியாக உருண்டால் பிளாஸ்டிக். துணிக்கடையில் நான் காலம்காலமாகச் செய்வதுதான் இது. இங்கே ஒரு கம்பளக் கடையில் தீப்பெட்டி கேட்டேன், விற்பனைக்காரர் முதலாளியைக் கூப்பிட ஓடிவிட்டார். அப்புறம் நானே நூலைத் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொளுத்தினேன். பிளாஸ்டிக். மாப்பிள்ளைக்கு வெள்ளைதான் வேண்டுமாம் என்று சொன்னாய், அதைச் சுத்தம் செய்யப் போவது யார் என்று ஒருதடவை கேட்டுவிட்டு அவர் சொல்லும் நிறத்தையே வாங்கு.

அளவு விஷயத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். சோபாவின் முன்கால்களாவது கம்பளத்தின் மேல் ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன், தம்பியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது போல இருக்கும். கதவு திறக்கும்போது அதில் உரசக் கூடாது. வெட்டிய துணி ஒட்டாது என்று நான் தையல் பழக வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததெல்லாம் உனக்குத் தெரியும், துணியில் கத்தரி வைக்கும் முன்னால் பேப்பரில் வெட்டிப் பார்ப்பதை இன்றைக்கும் நான் விட்டதில்லை. கம்பளத்துக்கும் அதுதான். பழைய செய்தித்தாள்களை ஒட்டி அந்த அளவுக்குத் தரையில் விரித்துவிடு. சும்மா பார்த்துவிட்டு எடுத்துவிடாதே, கிடக்கட்டும், வீட்டில் இருப்பவர்கள் அதன்மேல் போய்வந்து புழங்கட்டும். எங்கே இடைஞ்சல், எங்கே குறைச்சல் என்று அதுவே சொல்லும். சொல்லும் என்று எனக்குத் தெரியும், எவ்வளவு சொல்லும் என்பதுதான் இந்தமுறை தெரிந்தது.

நீ அனுப்புகிறேன் என்றாயே, உனக்கு அளவு சொல்லலாம் என்று நம் ஹாலிலும் பேப்பரை விரித்தேன். மூலைகளிலும் அங்கங்கே நடுவிலும் டேப் ஒட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, தரைக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா, கை வைக்கணுமா வேண்டாமான்னு கேட்டுக்கோ என்று சிரித்தார். மறுநாள் பார்த்தால் அவருடைய நாற்காலியிலிருந்து வாசலுக்குப் போகிற பக்கத்து ஓரம் கிழிந்திருந்தது. வேறு பேப்பர் ஒட்டினேன், அதே இடத்தில் அதே மாதிரி கிழிந்தது. மேல்வீட்டு அம்மாவின் பூனை நம் வீட்டில் வந்து படுக்கிறதல்லவா, அதன் வேலை என்று முடிவுகட்டி அதை விளக்குமாற்றால் துரத்தினேன், அந்த அம்மாவிடமும் இரண்டு வார்த்தை சுருக்கென்று சொல்லிவிட்டேன். அவர்கள் முகம் சுண்டிப்போனது. பூனைக்கு நகம் இருக்கிறது, சந்தேகப்பட வேறென்ன வேண்டும்.

மூன்றாம் முறை ஒட்டிய பேப்பர் கிழியவில்லை. பூனையைத் துரத்தியது பலித்துவிட்டது என்று எனக்குப் பெருமை. பிறகு ஒருநாள் தையல் மெஷினில் உட்கார்ந்து பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது கண் தற்செயலாக அதன்மேல் போயிற்று. என் காலில் எப்போதும் துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியின் பொடி ஒட்டியிருக்கும், அந்த வெள்ளைத் தடம் பேப்பரில் இருந்தது. அளவு கொடுக்க வந்துபோனவர்களின் அழுக்குத் தடமும் இருந்தது. அப்பாவின் தடம் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் அந்த ஹாலில் அவரைப் போல நடக்கிறவர் யாரும் கிடையாது, டீ குடித்தால் ஒரு நடை, வாசலில் நிற்கும் அவருடைய ஸ்கூல் வேனைப் பார்க்க ஒரு நடை. நான் தலையைத் தூக்காமல் ஊசியைப் பார்ப்பது போலவே இருந்தேன். அவர் எழுந்தார், சோபாவின் முதுகைப் பிடித்தார், சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் துடைப்பம் நுழைய மட்டும் ஒரு சந்து உண்டே, அதற்குள் நண்டு மாதிரி பக்கவாட்டில் புகுந்து சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். 

திரும்பி வந்தவரிடம், நேரா நடக்க வழி இருக்கும்போது ஏன் சுத்திட்டுப் போறீங்க என்று கேட்டேன். நீ கஷ்டப்பட்டு ஒட்டியிருக்க, கிழிஞ்சுடப் போகுதுன்னுதான் என்றார். எவ்வளவு அக்கறை பார். கிழிஞ்சா வேற ஒட்டிக்கிறேன், இப்போ இதுமேல நடந்து காட்டுங்க என்றேன். பேப்பரின் ஓரத்துக்கு வந்தார். அப்புறம் நடந்தார். வலது கால் சத்தமில்லாமல் வந்தது, இடது கால் விரல்கள் பேப்பரில் மாட்டிச் சர்ரென்று இழுத்துக்கொண்டு வந்தன. பாதம் மேலே எழும்பவில்லை, அவ்வளவுதான். கோணல்மாணலாகக் கிழிந்த பேப்பர் காலில் தொங்க அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.  அவராகவே, கிளட்ச் மிதிக்கும்போது ஒண்ணும் தெரியலை என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவர் மறைத்தது காலுக்காக அல்ல, வண்டிக்காக. ஸ்கூல் வேனை விட்டு இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துகொண்டு இவ்வளவு நாளாக வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு என்னவெல்லாமோ கேட்டிருக்கலாம். வண்டி நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தக் காலோடு ஓட்டியிருக்கிறாரே என்றுதான் கோபம். ஆனால் வாயில் வந்தது, நம்ம பொண்ணு டிரைவர் சீட்டுக்குப் பின்னாலதானே உட்காருவா என்பது மட்டும்தான். உனக்கு நினைவிருக்கும், பள்ளிக்கூடம் போகும் வயதில் ஜன்னல் ஓரம் வேண்டாம் அப்பா முதுகுக்குப் பின்னால்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பாய். அவர் என்னைப் பார்த்தார்.  மாலைப் பிள்ளைகளை ஏற்றப் புறப்பட வேண்டிய நேரத்துக்கு முன்னால் பள்ளிக்குத் தானே போன் போட்டு வேறு வண்டியும் ஆளும் அனுப்பச் சொன்னார். என்னாச்சு, வண்டி ரிப்பேரா என்று கேட்டிருப்பார்கள் போல. இல்லை, வண்டி நல்லா இருக்கு, எனக்குத்தான் கால் சரியில்லை என்றார். வைத்துவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து என் மெஷின்மேல் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்தார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், அந்த மனுஷன்மேல் எனக்கு அன்றைக்கு இருந்த மரியாதையை இதுவரை அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

டாக்டரிடம் போய்வந்தோம். இடுப்பில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறதாம், அதனால் பாதத்தைத் தூக்கு என்ற சேதி காலுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லையாம். பக்கவாதம் இல்லை, அதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன், நீயும் தெளிவாகப் படித்துக்கொள். பாதத்தைத் தூக்கிப் பிடிக்க, வீட்டிலும் போட வேண்டிய செருப்புக்குள் வைத்துக்கொள்ள ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள், தினமும் தரையில் படுத்துச் செய்யப் பயிற்சி சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலும் சரியாகுமாம். வண்டி இப்போதைக்குக் கூடாது, பிறகும் கூடுமா என்பதை அப்போது பார்க்கலாம் என்றார் டாக்டர். வண்டி வாசலில்தான் நிற்கிறது, காலையில் துணியை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்துவிட்டு வருகிறார். வீட்டில் வழுக்குகிற விரிப்பு, கால் புதைகிற விரிப்பு, ஓரம் தூக்கிய விரிப்பு எதுவும் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். நீ படம் அனுப்பிய மூன்றும் மெத்தை மாதிரி புசுபுசுவென்று இருக்கின்றன. எங்களுக்கு வேண்டாம் என்றது அதனால்தான், மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஆனால் வெறும் தரையில் படுத்துப் பயிற்சி செய்தால் அவருக்கு முதுகு வலிக்கிறது. அதனால் நாங்களே போய்த் தட்டையாக நெய்தது ஒன்று வாங்கினோம். தீப்பெட்டி கேட்ட கடைக்குப் போக எனக்குக் கூச்சம், வேறு கடைக்குப் போனோம். உன் அப்பா கடை என்றால் வாசலில் நின்று தெருவைப் பார்க்கிறவர், அன்றைக்குச் செருப்பைப் பட்டையோடு கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார். ஒவ்வொன்றாக விரிக்கச் சொல்லி ஒவ்வொன்றின் மேலும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடந்தார். வாங்க வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சுவரைப் பிடிக்கவில்லை, என் கையையும் பிடிக்கவில்லை, அந்த இழுப்பை இழுத்துக்கொண்டே நடந்தார். கடைக்காரர் என்னிடம் வந்து மெதுவாக, சாருக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டார். கலரை நான் பாத்துக்கிறேன், அவர் காலுக்குப் பிடிச்சதைக் கட்டுங்க என்றேன். கடைசியில் எதில் விரல் மாட்டவில்லையோ அதை வாங்கினோம். பழுப்பு நிறம், அழகு என்று சொல்ல மாட்டேன், நெசவு கெட்டி. ஓரங்கள் சோபாவுக்கும் அலமாரிக்கும் அடியில் போய்விடுகிற அளவு பார்த்து, அடியில் வழுக்காத ரப்பர் வலை போட்டு விரித்திருக்கிறோம். அந்தச் சந்து வழியை மறிக்கச் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டேன். மேல்வீட்டு அம்மாவிடம் போய் உங்க பூனைமேல தப்பில்லைங்க என்று சொல்லிவிட்டு வந்தேன், அவர்கள் சிரித்துவிட்டார்கள், பூனைதான் இன்னும் என்னைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஓடுகிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா பின்னால் வந்து நிற்கிறார். பட்டை போட்டதால் இப்போதெல்லாம் சத்தம் வருவதில்லை, எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கம்பளத்தைப் பத்தி எழுதுறேன் என்றேன். கம்பளத்தைப் பத்தி இத்தனை பக்கமா என்றார். நான் மூடவில்லை, அவர் குனிந்து படிக்கவும் இல்லை. எல்லாத்தையும் எழுதிட்ட போல, சரி, எழுதினது எழுதினதா இருக்கட்டும், இப்போ நடுவுலதான் நடக்குறேன்னு அதையும் சேர்த்து எழுது என்று சொல்லிவிட்டுப் போகிறார். நடுவில்தான் போகிறார். எழுதிவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் மனமொத்து நெடுநாள் இருக்க வேண்டும். போனில் காலைப் பற்றி நீயாகக் கேட்காதே, கம்பளம் எப்படியப்பா இருக்கிறது என்று கேள், மீதியை அவரே சொல்வார். வாங்கும் முன்னால் பேப்பர் விரிக்க மறந்துவிடாதே, அதில் கிழிந்த இடத்தை மட்டும் பார்க்காதே, யாருடைய தடம் இல்லை என்றும் பார்.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா