விளம்பரத்துல தலைப்ப மாத்திரு, ரூபி

திண்டுக்கல்

அன்பு மக ரூபிக்கு அம்மா எழுதுறது. மாதா தயவுல நீயும் மாப்பிள்ளையும் அங்க சொகமா இருக்கணும். இங்க நாங்க இருக்கோம். நல்லா இருக்கோம்னு எழுத கை வரல. போன்ல பேசுனா கட்டில்ல கெடக்குற அப்பாவுக்குக் கேட்டுரும், அதான் தாள்ல எழுதி போட்டோ புடிச்சு அனுப்புறேன்.

நீ டப்ளின்ல இருந்துக்கிட்டே நெட்டுல போட்ட வீட்டு விளம்பரத்தப் பாத்து மொதல்ல நெறைய பேரு கூப்பிட்டாங்க. வற்றாத தண்ணீர், விசாலமான ஹால்னு அழகாத்தான் எழுதியிருந்த. வடமதுரையில இருந்து புருஷன் பொண்டாட்டி கார்ல வந்தாங்க. அந்தாளு நேரா அடுப்படிக்குப் போயி கொழாயத் தொறந்தாரு, புஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு. போர் வத்துனது உனக்குத் தெரியாது, ஐப்பசி மழைக்கு ஊறிரும்னு நெனச்சு நாங்க சொல்லல. அந்தம்மா ஹாலுல அப்பாவப் பாத்துட்டு, போட்டோவுல இந்தக் கட்டில் இல்லையேன்னு கேட்டுச்சு. மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல தாயி. அந்தப் போட்டோ எடுத்த அன்னைக்கு நடந்ததையும் கேளு. கட்டில் தெரிஞ்சா வீடு விக்காது அக்கான்னு சொல்லி, பக்கத்து வீட்டு ஸ்டான்லி அப்பாவத் தூக்கிட்டுப் போயி அவங்க வீட்டுல படுக்க வைக்கப் பாத்தாரு. வீடு வித்துப்போச்சு, வெளியேத்துறாங்கன்னு அப்பா நெனச்சுட்டாரு. நல்லா இருக்குற எடது கையால வாசக்கால இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. வெரல் வெரலாப் பிரிச்சுத்தான் எடுத்தோம். பக்கவாதத்துல வாய் திரும்பாத மனுஷன் என்னமோ கத்துனாரு, ஒரு வார்த்த புரியல.

பெறகு நானே உக்காந்து விளம்பரத்தத் திருத்துனேன். போர்ல தண்ணி இல்ல, கொழாத்தண்ணி என்னைக்கோதான் வரும், மாடிப்படி செங்குத்து, ஆனா செவுத்துல ஒரு கீறல் கெடையாது, கோயிலுக்கு நடந்தே போகலாம், சாயங்காலம் சிறுமலைக் காத்து மொட்டமாடிக்கு வரும்னு எழுதுனேன். போட்டோவும் கட்டிலோடயே எடுத்துப் போட்டேன். உள்ளத எழுதுனா நல்ல ஆளு வருவாங்கன்னு நம்புனேன். போனே அடிக்கல. ஒரே ஒரு பொம்பள கூப்பிட்டு, பெரியவருக்கு அந்த வீட்லயே எதும் ஆயிருச்சுன்னா எங்களுக்கு வேணாம்னுச்சு. நான் போன வச்சிட்டேன். நேத்து புரோக்கர் பொன்னுத்துரை வந்தாரு. உள்ள வந்து செவுத்தக்கூடப் பாக்கல, வாசல்ல நின்னு ரோட்டு அகலத்த மட்டும் பாத்தாரு. டீச்சரம்மா, வீடு விற்பனைக்குன்னு போட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க, மனை விற்பனைக்குன்னு போடுங்க, வாங்குறவுக இடிச்சுக்கிருவாகன்னாரு. அப்பா முழிச்சுத்தான் இருந்தாரு. மொகத்தத் திருப்பிக்கிட்டாரு, அவ்வளவுதான்.

என்ன செய்யட்டும். அப்பாவ நடக்க வைக்கிற வைத்தியம் மதுரையிலதான், அங்கேயே கீழ்த்தளத்துல ஒரு சின்ன வீடு வாங்கிக் குடி போனாத்தான் முடியும். ஒவ்வொரு தடவையும் கார்ல போயிட்டு வாரப்ப குலுங்குற குலுக்கல்ல அழுதுர்றாரு. தள்ளிப்போட்டா அப்புறம் காலு வரவே வராதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு. இந்த வீட்ட விட்டா நமக்கு வேற எது இருக்கு. காலையில போன எடுத்து விளம்பரத் தலைப்புல வீடுங்கிறத அழிச்சேன். மனைன்னு எழுத வெரலு வரல, திருப்பி வீடுன்னே போட்டு வச்சிட்டேன். தலைப்ப நீயே மாத்திரு.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் கண்ணுல வச்சுக் காக்கட்டும். நைட் டூட்டிக்கு வெறும் வயித்தோட போகாத. மாத்துன பெறகு அந்த விளம்பரத்த மட்டும் எனக்கு அனுப்பிறாத.

உன் அம்மா
அமலராணி மிக்கேல்ராஜ்