கொடி சிக்கிக்கொண்ட நாளில் ஒரு மாதா பாட்டு

இன்று காலை என் மனைவி குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். புளிப்பும் பித்தளையும் கலந்த அந்த வாசனை வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. திருவிழாவுக்கு முந்தின நாள் உன் ட்ரம்பெட்டை நீ இப்படித்தான் துலக்குவாய். நீ போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது, எழுதுகிறேன்.

அப்போது அறுபதுகளின் கடைசி. நீ பட்டு நூலுக்குச் சாயம் போடுபவன். உன் விரல்கள் எப்போதும் அரக்குச் சிவப்பாகவே இருக்கும். நான் பஸ் கண்டக்டர். மாதா கோயில் பேண்டில் நீ ட்ரம்பெட், நான் பெரிய டிரம், நம்மோடு இன்னும் ஐந்து பேர். அந்த வருடம் சுதந்திர தினக் கொடியேற்றத்தில் தேசிய கீதம் வாசிக்க நம்மை அழைத்திருந்தார்கள்.

விழாக் குழுவில் இருந்த பட்டு வியாபாரி ஒருவர் டீக்கடையில் நம் காதுபடவே சொன்னார்: "இவங்க வெள்ளக்காரன் சாமிய கும்புடறவங்க. நம்ம கொடிக்கு இவங்க எதுக்குபா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நான் வரலபா, வேற ஆள பாத்துக்கோ" என்றேன் உன்னிடம்.

நீ நிதானமாக டீயைக் குடித்து முடித்தாய். "சாமி எனக்குப் புடிச்ச சாமி. ஊரு நான் பொறந்த ஊரு. இதுக்கு யார்கிட்ட போயி பர்மிஷன் கேக்கணும்? வா, பாட்டு கத்துக்கலாம்."

கீதத்தின் இசைக்குறிப்பு நம்மில் யாரிடமும் இல்லை. சினிமா கொட்டகையில் படம் முடிந்ததும் கீதம் போடுவார்களே, அதற்காகவே பத்து நாள் மதியக் காட்சி முடியும் நேரத்துக்குப் போனோம். டிக்கெட் கிழிப்பவர் சிரித்துக்கொண்டே உள்ளே விடுவார். சனமெல்லாம் கதவை முட்டிக்கொண்டு வெளியே ஓடும். நீ மட்டும் விறைப்பாக நின்று, விரல்களால் தொடையில் தட்டித் தட்டி மெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பாய்.

ஆகஸ்ட் பதினைந்து மாதாவின் விண்ணேற்புத் திருநாளும்கூட. பூசை முடிந்த கையோடு டிரம்மை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் பறந்தோம். கயிற்றை இழுத்தார்கள். கொடி விரியவில்லை, முடிச்சு இறுகிவிட்டது. ஒருவர் கம்பத்தில் ஏறத் தொடங்கினார். கூட்டம் சலசலத்தது. மேடையில் அந்த வியாபாரிக்கு வியர்த்துக் கொட்டியது.

நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். சற்றுமுன் கோயிலில் வாசித்த மாதா பாட்டை எடுத்தாய். என்ன ஆகுமோ என்று எனக்குப் பயம், ஆனாலும் அடித்தேன். முதலில் பள்ளிப் பிள்ளைகள் கை தட்டினார்கள், பிறகு பெரியவர்களும் சேர்ந்துகொண்டு மைதானமே தாளம் போட்டது. முடிச்சு அவிழ்ந்து பூ கொட்டியது, கொடி விரிந்தது. நீ ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு கீதத்துக்கு மாறினாய். ஓர் இடத்திலும் பிசகவில்லை.

முடிந்ததும் வியாபாரி இறங்கி வந்தார். "மொதல்ல வாசிச்சீங்களே, அது என்னா பாட்டுபா?"

"எங்க மாதா பாட்டுங்க" என்றாய்.

அவர் நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "நம்ம காமாட்சிக்கு வாசிச்ச மாதிரியே இருந்துது. அடுத்த வருசமும் ரெண்டயும் வாசிங்க."

"கொடி சிக்கலன்னாகூடவாங்க?" என்று நீ கேட்க, மனிதர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அதன்பின் எட்டு வருடம் இரண்டையும் வாசித்தோம்.

இப்போதும் சிலர் என் பெயரைக் கேட்டதும், "உங்களுக்கு எந்த ஊரு?" என்று ஒரு மாதிரியாகக் கேட்பார்கள். முன்பானால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது, "காஞ்சிபுரம்தான், வேற எங்க?" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அந்தச் சிரிப்பு உன்னுடையது.