ஒன்றரை என்று வந்த கணக்கு

நேற்று நாரணாபுரம் ரோட்டில் ஓர் அச்சகத்துக்குள் நுழைந்தேன். உருளை துடைத்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாடை மூக்கில் ஏறியதும் உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. நீ போய்ப் பதினைந்து வருஷம்.

இரண்டாயிரமாம் ஆண்டைத் தாண்டிய அந்தக் காலண்டர் சீசனில் அச்சகங்களுக்கு மை துடைக்கும் தின்னர் விற்றேன். மலிவாகக் கிடைத்த பென்சீனை அதில் கலந்தேன். பென்சீன் இல்லை என்று சான்று தர வேண்டிய சோதனைக்கூடத்தில், என்னோடு பள்ளியில் படித்த நீ கெமிஸ்ட். உன் மெஷின் சரக்கை ஆவியாக்கி நீளக் குழாய்க்குள் அனுப்பும். உள்ளே இருப்பவை ஒவ்வொன்றாக வெளியே வர, தாளில் மலை மலையாகக் கோடு விழும். நீ ஸ்கேல் வைத்து அளந்தாய். பென்சீன் வந்தது ஆறாவது நிமிடம். அடுத்த மலை 6.6. இரண்டுக்கும் அடி அகலம் 0.4. இடைவெளியை இரண்டால் பெருக்கி, அகலங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தாய்.

"ஒண்ணரை வருதுலே. சுத்தமாப் பிரிஞ்சிருச்சு. மறைக்க வழியில்ல."

"சூட்டைக் கூட்டுலே. ரெண்டும் ஓடியாந்து ஒட்டிக்கிடும்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். அப்படி ஓட்டிக் கையெழுத்துப் போட மாட்டேன். மோந்தா ரத்தம் கெட்டுப்போகும். உருளை துடைக்கிறது பூராம் பொம்பளையாளுக."

"பெரிய கலெக்டரு! கையெழுத்துக்கு ஊர்ல ஆளா இல்ல?"

ஆள் இருந்தான். உன் முதலாளியிடம் பேசினேன். மறுவாரம் உன் நாற்காலியில் அவன். சூட்டைக் கூட்டி ஓட்டினான். தாளில் ஒரே மலை.

வேறெந்தச் சோதனைக்கூடமும் உன்னைச் சேர்க்காதபடி பார்த்துக்கொண்டேன். ஆறு மாதம் அலைந்து என்னிடமே வந்தாய். சரக்கு வைக்கும் என் கிட்டங்கியில், பென்சீனைப் பேரல் பேரலாகத் தின்னரில் ஊற்றிக் கலக்கும் வேலை கொடுத்தேன். "பிரிக்கத் தெரிஞ்ச ஆளு, கலக்கவும் தெரியும்ல" என்றேன். ஆட்கள் சிரித்தார்கள். நீ குனிந்து ஊற்றினாய். இரக்கப்பட்டுக் கொடுத்த வேலை இல்லை அது. உன்னை அந்த வாடைக்குள் நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டேன்.

மூன்றாம் வருஷம் உன் ஈறில் ரத்தம் கசிந்தது. ரத்தப் புற்று என்றார்கள் மதுரையில். கட்டிலில் கிடந்தபோது என்னை ஒரு சொல் திட்டவில்லை நீ. உன் வீட்டிலும் எதையும் சொல்லவில்லை என்பது கருமாதியன்றுதான் தெரிந்தது.

"அண்ணாச்சி, அவுக வேலையை எனக்குத் தருவீகளா? அங்கன பயப்படும்படியா ஒண்ணும் இல்லையே?" என்று உன் மனைவி கேட்டாள்.

"சும்மா தின்னர்தான் தங்கச்சி" என்றேன்.

இரண்டு சீசன் வந்தாள், நான் கிட்டங்கியை விற்கும்வரை. உயிரோடுதான் இருக்கிறாள்; அதில் என் தயவு ஒன்றுமில்லை. எங்கே பார்த்தாலும் கும்பிட்டு, "எங்களுக்குச் சோறு போட்ட மகராசன்" என்கிறாள், பக்கத்தில் நிற்பவர்களிடமும். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வாயெடுக்கிறேன். பிறகு, "நல்லாருக்கியா தங்கச்சி?" என்று கேட்டு நடக்கிறேன்.