உனக்காக நான் சொன்ன பதில்

2 மார்ச்

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு,

போனில் கேட்டால் "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பேத்திக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு "எப்போ, எப்போ" என்று கேட்கிறார்கள். குடையைத் தேடுகிற சாக்கில் மறுபடி உள்ளே போய்விடுகிறேன்.

இருபத்துமூன்றாம் தேதி ஞாயிறு வைத்துக்கொள்ளலாம் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன். படிவத்தில் தகப்பன் கையெழுத்துப் போடும் இடத்தில் உனக்குப் பதிலாக நானே போட்டுக் கொடுத்துவிட்டேன். மருமகளை லீவு சொல்லச் சொல். நீங்கள் வந்து நின்றால் போதும்.

உன் நினைவாகவே இருக்கும்
அப்பா


9 மார்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். சின்னவளுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள்.

உங்கள் கடிதம் படித்த கோபத்தில் அன்று வேலையில் ஒருவருக்கு வலது கைக்குப் பதில் இடது கையை எக்ஸ்ரே எடுத்துத் திட்டு வாங்கினேன். உங்கள் பஸ் டிப்போவில் டிரைவர்களுக்கு டியூட்டி போடுகிற மாதிரி எங்களுக்கும் போட்டுவிட்டீர்கள். நாள் குறித்ததுகூடப் பரவாயில்லை. அந்தப் படிவத்தில் "விசுவாசிக்கிறேன்" என்ற வரிக்குக் கீழேதானே என் பெயரில் கையெழுத்துப் போட்டீர்கள்? நான் விசுவாசிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை அப்பா. பல வருடமாகத் தெரியவில்லை. உங்கள் மருமகளிடமும் சொல்லிவிட்டேன். சபைக்கு முன்னால் நின்று பொய் சொல்ல என்னால் முடியாது.

கோபம் இருந்தாலும் பாசம் மாறாத
உங்கள் மகன்


14 மார்ச்

மகனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன் ஞானஸ்நானத்தில் உன்னைக் கையில் ஏந்திச் சபைக்கு முன்னால் நின்றபோது, உனக்காக "விசுவாசிக்கிறேன்" என்று நான்தான் பதில் சொன்னேன். உன்னைக் குறித்து ஆண்டவர் என்னிடம்தான் கேட்பார். டிப்போவில் டபுள் டியூட்டி பார்த்துவிட்டு, கிரீஸ் போகாத கையோடு வந்து உட்கார்ந்த நாளில்கூடக் குடும்ப ஜெபத்தை விட்டதுண்டா? நான் எங்கே தவறினேன், அதைச் சொல். போதகர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அப்பா


18 மார்ச்

அப்பா,

கேட்டதால் சொல்கிறேன். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி வாரம். எனக்குப் பதினைந்து வயது. ஜெப நேரத்தில், "இவ்வளவு ஜெபம் பண்றோமே, அம்மாவுக்கு ஏன் இன்னும் சரியாகலை?" என்று கேட்டேன். "வாயை மூடிட்டு முழங்கால் போடு" என்றீர்கள். போட்டேன். அதற்குப் பிறகும் நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் வந்து போட்டேன். நான் என்ன ஜெபிக்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்றுமே ஜெபிக்கவில்லை.

சண்டைக்காக எழுதவில்லை. இருபத்துமூன்றாம் தேதி நாங்கள் வரவில்லை.

மகன்


24 மார்ச்

என் மகனுக்கு,

சனிக்கிழமையே போதகரிடம் போய், கையெழுத்து என்னுடையது என்று சொல்லிப் படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. பேத்திக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்ற ஆசையையும் விடமாட்டேன். ஆனால் இனி உன்னை நச்சரிக்கமாட்டேன், ஆண்டவரை நச்சரித்துக்கொள்கிறேன்.

நீ கேள்வி கேட்ட அன்று மதியம்தான் டாக்டர் கையை விரித்துவிட்டார். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன். நான் கேட்க நினைத்ததையே நீ வாய்விட்டுக் கேட்டாய். முழங்கால் போட்டால் கண்ணை மூடிக்கொள்வாய், என் முகத்தைப் பார்க்கமாட்டாய். அதற்காகத்தான் அப்படிச் சொன்னேன். அன்றைக்கு நானும் ஜெபிக்கவில்லை. வாய் மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருந்தது.

"எனக்கும் தெரியலைடா" என்று சொல்லி, உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருக்க வேண்டும்.

அப்பா