பழைய டிரைவரும் கெடார் கல்யாண வீடியோவும்

பிப். 4, புதன்

காலையில் பனி. திண்டிவனம் ஸ்டேஷனில் எதிர் பிளாட்பாரமே தெரியலை. வண்டி இருபது நிமிஷம் லேட். ஜன்னல் சீட் கிடைத்ததால் கோபம் வரலை.

விழுப்புரம் இறங்கி ஸ்டுடியோ. இன்றைக்குக் கெடார் ஊர்க் கல்யாண வீடியோவை எடிட் பண்ண ஆரம்பிக்கணும். போன ஞாயிறு நடந்தது. முதலாளி மணி அண்ணனே போய் எடுத்தது. மொத்தம் ஆறு மணி நேரப் பதிவு. வழக்கமாக ஒரு மாசம் எடுத்துக்கொள்வோம். இதை வர்ற ஞாயிறு சாயங்காலத்துக்குள் கொடுக்கணும்.

காரணம்: பொண்ணோட அப்பா கோவிந்தன் கல்யாணத்தையே பார்க்கலை. அதுக்குப் பத்து நாள் முன்னால் டிராக்டர் டிரெய்லரிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிவு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். தேதியை மாத்தக்கூடாதுன்னு அவரேதான் அடம். பொண்ணு கவிதா திங்கட்கிழமை புருஷனோடு பூனா போகிறாள்.

நேற்று போனில் சொன்னாள்: "அக்கா, முழுசா வேணாம். முக்கா மணி நேரம் இருந்தா போதும். நான் போறதுக்குள்ள அப்பா பக்கத்துல உக்காந்து ஒருவாட்டி பாத்துடணும்."

கம்ப்யூட்டரைப் போட்டால், எடிட்டிங் சாஃப்ட்வேர் தானே புது வெர்ஷனுக்கு மாறியிருக்கு. திறந்ததும் ஒரு பெட்டி: உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையில் படம் காட்டுகிற கார்டை ஓட்டுகிற சின்ன சாஃப்ட்வேர்) பழையது, சில வசதிகள் வேலை செய்யாமல் போகலாம். சரி என்று அழுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தேன். வெறுமனே வெட்டி ஒட்டுவதுக்குத் தொல்லை இல்லை. மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் முடித்தாச்சு. கலர் திருத்தினதும் படம் முழுக்கப் பச்சை. மாப்பிள்ளை, குதிரை, பேண்டு செட், எல்லாம் பாசி பிடித்த மாதிரி.

மதியம் கேப்பை அடை. முருங்கைக்கீரை தாராளமாகப் போட்டிருந்தேன். அதையாவது நன்றாகச் செய்தேன்.


பிப். 5, வியாழன்

வெயில். செய்து பார்த்தவை:
கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டது — பச்சை.
சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டது — பச்சை.
பழைய வெர்ஷனுக்கே திரும்பலாமென்று பார்த்தது — புதுசில் சேமித்த வேலையைப் பழசு திறக்காது. ஒரு நாள் வேலை போகும்.
டிரைவர் பக்கத்தில் போய் அப்டேட் கொடுத்தது — 'சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது' என்கிறது. அந்தச் சிறந்த டிரைவரின் தேதியைப் பார்த்தேன். என் சின்னவள் பால்வாடிக்குப் போன வருஷம். இப்போ ஆறாவது படிக்கிறாள்.

மணி அண்ணனிடம் சொன்னேன். கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனியின் சைட்டிலிருந்து புது டிரைவர் இறக்கிப் போடணும், அதுக்கு முன்னால் விண்டோஸையும் அப்டேட் பண்ணணும். வருஷக்கணக்காக அவர்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறார்.

"இத்தினி வருஷமா ஓடிக்கினு இருக்குது. அத்த ஏன் நோண்டற ஸ்டெல்லா? அப்டேட்டு போட்டா ஸ்லோ ஆயிடும். அப்புறம் பெரிய பேஜாரு."

"ஸ்லோவா ஓடினாலும் ஓடும் அண்ணே. இப்ப ஓடவே இல்லியே."

"நாளைக்குப் பாக்கலாம்" என்று வெளியே போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஒரு போன். கவிதாவோட அம்மா, பச்சையம்மாள். பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் பேசுகிற குரல்.

"யம்மா, தாரை வாத்துக் குடுக்கற எடத்துல ஒருத்தரு இருப்பாரு பாரு, பச்சைக் கரை வேட்டி. அவரு மூஞ்சிய மட்டும் மறைச்சிட முடியுமா?"

யாரும்மா அது என்று கேட்டேன்.

"எங்க வூட்டுக்காரரு தம்பி, ஏழுமலை. வரப்புத் தகராறுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேசி ஒம்போது வருஷம் ஆவுது. அப்பன் எடத்துல நிக்க வேற யாருமா இருக்கறாங்க? நான்தான் போன் போட்டுக் கூப்டேன். எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது. மச்சான் மொறையில ஒருத்தரு நின்னாருன்னு பொய் சொல்லி வெச்சிருக்கறேன்."

அந்த இடத்தையே வெட்டிடலாமே என்றேன். தாரை வார்க்கிறது இல்லாமல் கல்யாணமா, அதைத்தானே அவர் முதலில் கேட்பார் என்கிறாங்க. நியாயம்தான். பார்க்கிறேன்மா என்று வைத்துவிட்டேன்.

முகத்தைத் தொடர்ந்து போய் மறைக்கிற வசதி சாஃப்ட்வேரில் இருக்கு. போட்டேன். சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. நாலு தடவை போட்டேன், நாலு தடவையும் மூடிக்கொண்டது. அதுக்கும் அந்த டிரைவர்தான் வேணுமாம்.

ரயிலில் பக்கத்து சீட் அம்மா கடலைக் கொல்லைக்கு ஆள் தேடி யாரிடமோ போனில்: "மல்லாட்டைக்குக் களை எடுக்க ஆளே கெடைக்கல, நீயாவது ஜல்தி வா." சிரிப்பு வந்தது. நாம எல்லாருமே யாரையாவது அவசரமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் சேவியர் ரசம் வைத்து அப்பளம் பொரித்து வைத்திருந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டுகிற மனுஷன், நாள் பூரா பிள்ளைகள் சத்தம், வீட்டில் பேச்சே இல்லை. எனக்கும் அது போதும்.


பிப். 6, வெள்ளி

மேகமூட்டம். நான் போவதற்கு முன்னாலேயே மணி அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தார். கார்டை அணைத்துவிட்டு வீடியோவைத் தனி ஃபைலாக வெளியே எடுத்துப் பார்க்கலாம் என்று அவரே முயன்றிருக்கிறார். முக்கால் மணி நேரம் ஓடுகிற ஒரு துண்டுக்குப் பதினோரு மணி நேரம் என்று காட்டியிருக்கு. அதிலும் முகத்தை மறைக்க முடியாது.

"இன்னா பண்ணுவியோ பண்ணு" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

முதலில் கெடார் பதிவு முழுக்க வேற ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன். ஏறினதா என்று இரண்டு தடவை திறந்து பார்த்தேன். அப்புறம் விண்டோஸ் அப்டேட். காலை பத்தே காலுக்குக் கொடுத்தது. மதியம் 34 சதவீதம். நாலு மணிக்கு 71.

வேற வேலை இல்லை. மேஜையைத் துடைத்தேன். ஒயர்களைப் பிரித்துக் கட்டினேன். டீ இரண்டு. அண்ணன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்து, "உயிரோட இருக்குதா?" ஐ.சி.யு. வாசலில் நிற்கிற மாதிரி நிற்கிறார். பயம் அவருக்குத்தான், எனக்கு இல்லை. உண்மையைச் சொன்னால், ஒரு நாள் முழுக்க யாரும் என்னை எதுவும் கேட்காமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தது நன்றாகவே இருந்தது.

அஞ்சரைக்கு முடிந்தது. கம்ப்யூட்டர் திரும்ப வந்தது. அண்ணன் ஒரு பாக்கெட் மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

வாங்க வேண்டியது: சர்க்கரை, சின்னவளுக்கு கிராஃப் நோட்டு, தலைக்கு எண்ணெய்.


பிப். 7, சனி

டிரைவர் நாள். கார்டு பெயரை இரண்டு தடவை சரிபார்த்து, கம்பெனி சைட்டிலிருந்து இறக்கினேன். பழையதைச் சுத்தமாக எடுத்துவிட்டுப் புதுசைப் போட்டேன். பாதியில் திரை கறுப்பு. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அண்ணன் மூச்சு விடலை. நான் அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன், திரை வந்துவிட்டது.

பச்சை போச்சு! குதிரை வெள்ளைக் குதிரையாகவே இருக்கு.

"ஸ்லோ ஆவலியே" என்கிறார் அண்ணன். கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்ன மாதிரி எனக்குப் பட்டது.

மதியத்துக்குள் முக்கால் மணி நேரமும் வெட்டி முடித்தேன். கடைசியாக ஏழுமலை முகம். மறைக்கிற வசதி இந்தத் தடவை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடினது. அவர் திரும்பின பக்கமெல்லாம் மங்கலும் கூடவே திரும்பினது.

ஓடவிட்டுப் பார்த்தேன். மனசு ஒப்பலை. தண்ணீர் ஊற்றும்போது அந்த மனுஷன் கையில் செம்பு கோணுது. பாதித் தண்ணீர் அவர் வேட்டியிலேயே கொட்டுது. கவிதா ஒரு கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். இத்தனைக்கும் மேலே முகம் இருக்கிற இடத்தில் ஒரு மங்கல் வட்டம்.

பச்சையம்மாளுக்குப் போன் போட்டேன். மறைக்கச் சொன்னதைக் கவிதாவிடம் சொல்லலை, அது அவள் அம்மாவோட ரகசியம்.

"மறைச்சாச்சும்மா. நீங்க கேட்ட மாதிரியே வந்திருக்குது. ஆனா பாத்தா, டிவி நியூஸ்ல போலீஸ் புடிச்சிக்கினு போற ஆளு மாதிரி இருக்கறாரு. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

 போனில் பின்னால் எங்கேயோ மாடு கத்தினது.

"அன்னிக்கு அவரு அழுதாரும்மா. அது தெரியுதா வீடியோல?"

"மறைக்கலன்னா தெரியும்."

"அப்போ எடுத்துடு. அப்டியே இருக்கட்டும். திட்டினா நான் வாங்கிக்கறேன்."

மங்கலை எடுத்துவிட்டேன். வீடியோ வெளியே வர பத்தொன்பது நிமிஷம். நேற்றுப் பதினோரு மணி நேரம்! பென் டிரைவில் ஒன்று, ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. அஞ்சே கால் பஸ்ஸில் வீடு.


பிப். 8, ஞாயிறு

காலைப் பூசை. பிரசங்கம் நீளம். சின்னவள் என் தோளில் தூங்கினாள்.

மதியம் என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முண்டியம்பாக்கம். பென் டிரைவை மட்டும் கொடுத்தால் அவங்க எதில் போடுவாங்க? பார்வையாளர் நேரம் நாலு மணி. கவிதா, மாப்பிள்ளை, பச்சையம்மாள் மூணு பேரும் கட்டிலைச் சுற்றி. கோவிந்தன் ஒல்லியான மனுஷன், காலில் பெரிய கட்டு, அதற்கு மேலே நல்ல சட்டை. மகள் வர்றான்னு போட்டுக்கொண்டாராம்.

சாப்பாட்டு ட்ரே மேல் லேப்டாப். ஓடவிட்டேன். அவர் பேசிக்கொண்டே பார்த்தார்.

"வாழமரத்த கோணையா கட்டிக்கினு இருக்கான் பாரு பந்தக்காரன்."

"ரெண்டாவது பந்தியில அப்பளம் வெக்கலியா?"

பக்கத்துக் கட்டில்காரர், "பொண்ணு லட்சணமா இருக்குது" என்றதுக்கு, "எங்க அம்மா ஜாடை" என்றார்.

தாரை வார்க்கிற இடம் வந்தது. ஏழுமலை செம்பைக் கையில் எடுக்கிறார். முகம் முழுசாகத் தெரியுது. பச்சையம்மாள் தலையைக் குனிந்து காலி டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தாங்க. கவிதா என்னைப் பார்த்தாள். நான் திரையைப் பார்த்தேன்.

"நிறுத்தும்மா."

நிறுத்தினேன்.

"கொஞ்சம் பின்னால தள்ளு."

தள்ளினேன். பார்த்தார். இன்னொரு தடவை தள்ளச் சொன்னார். மூணாவது தடவையும். தண்ணீர் வேட்டியில் கொட்டுகிற இடத்தில் விரலை நீட்டினார், திரையைத் தொடாமல்.

"இவன் ஏன் இப்டி எளைச்சிக் கெடக்கறான்?"

"சக்கரைங்க. ரெண்டு வருஷமா மாத்திரை சாப்டுக்கினு இருக்கறாரு" என்றாங்க பச்சையம்மாள், குனிந்த தலையை எடுக்காமலே. சொன்ன பிறகுதான், பேச்சே இல்லாத வீட்டுச் சேதியைச் சொல்லிவிட்டோம் என்று அவங்களுக்கு உறைத்தது. டிபன் பாக்ஸ் கையிலேயே நின்றது.

கோவிந்தன் பெண்டாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா இல்லையா என்று என்னால் சொல்ல முடியலை.

"போன போடு அவனுக்கு."

பச்சையம்மாள் போனை எடுத்தாங்க. பெயரைத் தேடலை. பத்து நம்பரையும் மனசிலிருந்தே அழுத்தி அவர் கையில் கொடுத்தாங்க.

நானும் கவிதாவும் வராந்தாவுக்கு வந்துவிட்டோம். உள்ளே இருந்து அவர் குரல் மட்டும்.

"நான்தான்டா."